மலைக்கு எம்.ஆர்.ஐ எடுக்க முடியுமா?

“மூளைக்குள் இருக்கும் சிறு கட்டியைக்கூட எம்.ஆர்.ஐ காட்டிக்கொடுத்துவிடுகிறது. மழைக்காலத்தில் எந்த மலை சரியப்போகிறது என்பதையும் அப்படி ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிட முடியாதா?” என்று கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் சேறு வாரிக்கொண்டு போனதிலிருந்தே இந்தக் கேள்வி பல வடிவங்களில் வருகிறது. நிலச்சரிவை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவி தயார் என்ற செய்திகளும் கூடவே வந்துகொண்டிருக்கின்றன.

எடுக்க முடியும் என்பதே நேரான பதில். அந்த ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பிரித்துப் பார்த்தால்தான் மண் ஏன் சரிகிறது என்பதே சரியாகப் புரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மருத்துவமனைக் கருவி தனக்கு வேண்டிய காந்தப்புலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பெரும்பாலும் 1.5 டெஸ்லா. அதில் தண்ணீரின் ஹைட்ரஜன் கருக்கள் விநாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுற்றும். மலைக்குப் பூமிதான் காந்தம். தென்னிந்தியாவில் அதன் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. அதே கருக்கள் இங்கே விநாடிக்கு 1,700 முறைதான் சுற்றும். ஒலியாக இருந்தால் காதுக்கே கேட்கக்கூடிய அதிர்வெண்.

தரையில் 50 அல்லது 100 மீட்டர் பக்கமுள்ள சதுரமாகக் கேபிளை விரிப்பார்கள். அதே அதிர்வெண்ணில், நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரைக்கும் மின்சாரத்தைச் சில பத்து மில்லிவிநாடிகளுக்கு மட்டும் பாய்ச்சுவார்கள். மண்ணுக்குள்ளிருக்கும் நீரின் கருக்கள் சாய்ந்து, எல்லாம் ஒன்றுசேர்ந்து சுற்றத் தொடங்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் அவற்றின் சமிக்ஞை அதே கேபிளில் திரும்பி வரும். அளவு நானோவோல்ட் கணக்கு. நம் மின்கம்பிகளில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 34ஆவது மடங்கு சரியாக 1,700 என்பதால், பக்கத்தில் ஒரு மின்பாதை போனாலே இந்த மெல்லிய சமிக்ஞை இரைச்சலில் மூழ்கிவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. மண்ணின் மின்தடையை அளக்கும் முறைகள் களிமண்ணைப் பார்த்துத் தண்ணீர் என்று ஏமாறும். எம்.ஆர்.ஐக்கும் இந்த ஸ்கேனுக்கும் அடிப்படையான காந்த ஒத்ததிர்வு ஏமாறாது. கனிமங்களுக்குள் படிகமாகக் கட்டுண்ட ஹைட்ரஜனின் சமிக்ஞை கேட்பதற்கு முன்பே அழிந்துவிடுவதால், திரவமாக இருக்கும் நீர் மட்டுமே பதில் தருகிறது. சமிக்ஞையின் பெருமம் தண்ணீரின் அளவைச் சொல்லும். அது எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்பதிலிருந்து, அந்தத் தண்ணீர் இருக்கும் துளையின் அளவையும் கணிக்கலாம். தடையின்றி இருக்கும் நீரில் கருக்கள் இரண்டு மூன்று விநாடிகள் ஒத்துச் சுற்றும். மண்துளைக்குள் மூலக்கூறு அலைந்து திரிந்து துகளின் சுவரில் முட்டுகிறது. அங்குள்ள இரும்பு, மாங்கனீசு அயனிகள் அதன் ஒத்திசைவைக் கலைத்துவிடுகின்றன. தண்ணீர் மூலக்கூறு ஒரு விநாடியில் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தூரம் அலையும். மணலின் பெரிய துளையில் சுவரைத் தொடவே நேரமாகும். மைக்ரான் அளவுக் களிமண் துளையில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சுவரில் முட்டிச் சில மில்லிவிநாடிகளில் அடங்கிவிடும். ஆய்வகத்தில் ஒரு சிறு மண் உருளையை இப்படி அளந்தால், அதை அறுக்காமல், உலர்த்தாமல், எந்த அளவுத் துளையில் எவ்வளவு நீர் என்று வரைபடமே போட்டுவிடலாம். காந்த ஒத்ததிர்வு வேதியியல் மண்ணியலுக்குத் தந்த மிக நல்ல கொடை இதுதான் என்பேன்.

வெளியே மலைச்சரிவில் இரண்டு சிக்கல்கள் குறுக்கே வருகின்றன. நூறு ஆம்பியர் ஓடிய கேபிள் நானோவோல்ட்டைக் கேட்கும் அளவுக்கு அமைதியாகச் சில மில்லிவிநாடிகள் பிடிக்கும். அதற்குள் களிமண் நீரின் சமிக்ஞை முடிந்துபோயிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் செம்மண்ணோ இரும்பு நிறைந்தது. இரும்பு கூடக்கூடச் சமிக்ஞை இன்னும் சீக்கிரம் அடங்கும். அதனால் எந்த நுண்துளை நீரை நாம் அறிய விரும்புகிறோமோ, அதைத்தான் கருவி குறைத்துக் காட்டும்.

இவை பொறியியல் சிக்கல்கள். ஒருநாள் தீரலாம். தீராத ஒன்று உண்டு. இந்த முறை எண்ணுவது ஹைட்ரஜன் கருக்களை. மண்ணின் துளைகள் முழுக்க நீர் நிரம்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் அழுத்தமே இல்லாமல் இருக்கலாம். இரண்டு மீட்டர் உயர நீர்மட்டத்தின் அழுத்தத்திலும் இருக்கலாம். இரண்டு நிலைகளிலும் நீரின் அடர்த்தி லட்சத்தில் ஒரு பங்குகூட மாறாது. கருக்களின் எண்ணிக்கை அதேதான், துளைகளும் அவையேதான். ஸ்கேனுக்கு இரண்டும் ஒன்று. மலைக்கோ ஒன்று நிற்பது, மற்றது விழுவது.

மழை மண்ணை வழுக்க வைக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். துகளும் துகளும் உரசும் உராய்வை ஈரம் பெரிதாக மாற்றுவதில்லை. தண்ணீரின் எடை மண்ணை இழுத்துவிடுகிறது என்பது இன்னொரு விளக்கம். எடை கூடினால் கீழ்நோக்கிய இழுப்போடு துகள்களின் பிடிப்பும் அல்லவா கூட வேண்டும்? தண்ணீர் வேறொன்றைச் செய்கிறது.

மலைக்கோயிலில் சுவாமி புறப்பாடு நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சரிவான பாறைப் பாதையில் ஸ்ரீபாதம் தாங்கிகள் பல்லக்கைச் சுமந்து நிற்கிறார்கள். பல்லக்கின் பாரம் தோள் வழியாக இறங்கிப் பாதங்களைப் பாறையில் அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் பாதங்களுக்குப் பிடிப்பு. இப்போது புதிதாக ஒருவர் வந்து தண்டுக்கு அடியில் தோள் கொடுக்கிறார். அவர் நிற்கும் இடத்தில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. மேல்நோக்கித் தாங்க அவரால் முடியும். பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளலைக்கூடத் தடுக்க முடியாது. அவர் எவ்வளவு பாரத்தை ஏற்கிறாரோ அவ்வளவு மற்றவர்களின் தோளில் குறைகிறது, அவர்களின் பாதப் பிடிப்பிலும் குறைகிறது. பல்லக்கு கீழே சறுக்கப் பார்க்கும் விசையில் மட்டும் துளியும் குறைவதில்லை. தாங்கிகள் மண்துகள்கள், தோள் கொடுத்தவர் தண்ணீர். அவர் ஏற்கும் பாரத்துக்குத்தான் நுண்துளை நீரழுத்தம் என்று பெயர்.

கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. நனைந்த மண் ஒரு கனமீட்டர் சுமார் இரண்டு டன். தண்ணீர் ஒரு டன். நீர்மட்டம் தரைவரை ஏறி, சரிவுக்கு இணையாக வடிந்துகொண்டிருந்தால் துகள்கள் தாங்கவேண்டிய பாரத்தில் பாதியைத் தண்ணீர் ஏற்றுக்கொள்கிறது. ஒட்டும் தன்மையில்லாத மண், உலர்ந்திருக்கும்போது 34 பாகை சாய்வு வரை நிற்குமென்றால், இந்த நிலையில் 19 பாகைக்குமேல் நிற்காது.

தோள் கொடுத்த இந்த மனிதருக்கு மழைக்கு முன்பு வேறு வேலை. அரைகுறை ஈரத்தில் தண்ணீர் துகள்களுக்கிடையே மெல்லிய பாலமாக நின்று அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. தாங்கிகளின் இடுப்பைச் சுற்றி இறுக்கிய கயிறு மாதிரி. சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் பல ஆண்டுகள் நின்றுவிடுவதில் மரவேர்களோடு இந்தக் கயிற்றுக்கும் பங்குண்டு. மழை நீடித்தால் முதலில் கயிறு தளர்கிறது. பிறகுதான் அவர் உள்ளே வந்து தோள் கொடுக்கிறார். தனியாகவும் வருவதில்லை. மலை உச்சியிலிருந்து வரிசையாக இறங்கி, பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரை நெருக்க, கீழ்வரிசைத் தாங்கிகளின் பாதங்கள்தான் அதிகம் தூக்கப்படுகின்றன. மழை விட்ட பிறகும் மலை சரிவதற்கு இந்த வரிசை ஒரு காரணம்.

சறுக்கத் தொடங்கியபின் என்ன ஆகும் என்பதையும் பல்லக்கை வைத்தே பார்க்கலாம். தாங்கிகள் தள்ளித் தள்ளி நின்றிருந்தால், தடுமாறும்போது உள்பக்கமாகச் சாய்ந்து நடுவில் நிற்பவர் மேலேயே விழுவார்கள். முழுப் பாரமும் ஒரு நொடியில் அவர்மேல். நெருக்கி நின்றிருந்தால், நகர வேண்டுமானாலே ஒருவரையொருவர் விலக்கித்தான் ஆகவேண்டும். இடைவெளி விரிய, கயிறு மறுபடி இறுகும். இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையினர் ஓரிகனில் உள்ள தங்கள் பெரிய சோதனை ஓடையில் தளர்வான மண்ணையும் சற்று இறுகிய மண்ணையும் தனித்தனியே நனைத்துப் பார்த்து 2000இல் வெளியிட்ட முடிவு இது. பாதிக்குமேல் துளைகள் இருந்த மண் ஒரு விநாடிக்குள் வேகமெடுத்துப் பாய்ந்தது. துளை நாற்பது சதவீதம் அளவில் இருந்த மண் விட்டுவிட்டு ஊர்ந்தது. இவ்வளவு சிறிய வேறுபாட்டில் ஒரு குடியிருப்பின் உயிர் அடங்கியிருக்கிறது.

வரலாறு வேண்டுவோருக்கு ஒரு பத்தி. நீரழுத்தம் துகள்களின் பாரத்தைப் பங்குபோடுகிறது என்ற கருத்தை 1920களில் இஸ்தான்புல்லில் மண்ணை அளந்துகொண்டிருந்த கார்ல் டெர்சாகி வகுத்தார், 1925இல் நூலாக்கினார். திட, திரவப் பொருட்களில் காந்த ஒத்ததிர்வை பிளாக்கும் பர்செலும் தனித்தனியே கண்டு 1952இல் நோபல் பெற்றார்கள். அதை வைத்து நிலத்தடி நீரைத் தேடும் யோசனைக்கு ரஸ்ஸல் வேரியன் பெயரில் 1962இல் காப்புரிமை கிடைத்தது. நிஜமாகவே அப்படியொரு கருவியை, ஹைட்ரோஸ்கோப் என்ற பெயரில், சோவியத் நோவோசிபிர்ஸ்க்கின் வேதிவினை வேக ஆய்வு நிறுவனத்தில் செமியோனோவ் குழுவினர் செய்தார்கள்.

மலைக்குள் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று நேரடியாகப் பார்த்த ஆய்வுகள் குறைவு. ஓரிகனின் கூஸ் பே அருகே ஒரு சிறு சரிவில், மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்களை நெருக்கமாக நட்டு, 1990இலும் 1992இலும் நாட்கணக்கில் செயற்கை மழை தூவிப் பார்த்தார்கள். சரிவு அசையவில்லை. 1996 நவம்பரில் வந்த நிஜப் புயல்மழையில் அதே சரிவு பெயர்ந்து சேறாக ஓடியது. அப்போது கருவிகள் பதிவு செய்துகொண்டிருந்தன. மழைநீர் பாறை விரிசலுக்குள் இறங்கி, கீழே வேறோர் இடத்தில் மண்ணுக்குள் மேல்நோக்கிப் பீறிட்டதையும், சில மீட்டர் இடைவெளியில் அழுத்தம் வெகுவாக மாறியதையும் அந்தப் பதிவு காட்டியது. சரிவைச் செயற்கையாக வரவழைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஜப்பானின் கவாசாகி சாட்சி. 1971 நவம்பரில் அங்கே மலைமீது நீர் தூவி நடத்திய சோதனையில் மண் எதிர்பாராத வேகத்தில் பாய்ந்து, ஆய்வாளர்களும் செய்தியாளர்களுமாக 15 பேர் உயிரிழந்தார்கள்.

சில மீட்டருக்குள் இப்படி மாறும் ஒன்றை, 100 மீட்டர் சதுரத்தைச் சராசரியாகக் கேட்கும் ஸ்கேன் பிடித்துவிடும் என்று எந்தச் செய்தி சொன்னாலும் நான் நம்பமாட்டேன். செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துச் சொன்னாலும்தான். உள்ளே போகாத தகவல் வெளியே வராது. ஆழத்தில் மெதுவாக நகரும் பெருஞ்சரிவுகளில், நீர் எந்த அடுக்கில் தேங்கியிருக்கிறது, வடிகால் துளையை எங்கே போடலாம் என்று தேட இந்த ஸ்கேன் பயன்படும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இன்று விடுக்கப்படும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மழையின் கணக்கைத்தான் நம்பியிருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தொடங்கிய தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையம் நீலகிரிக்குத் தரும் அறிவிப்பும் அப்படிப்பட்டதே. வட்டார அளவில் உதவும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டைப் பற்றிச் சொல்லாது. மூணாறின் அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் நிறுவிய கம்பியில்லா உணரிகள் வேறு வகை. அங்கே மண்ணுக்குள் இறக்கப்பட்டவற்றில் நுண்துளை நீரழுத்தத்தை அளப்பவையும் உண்டு. இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் பீசோமீட்டர் ஒன்றில், சிறு உலோகத் தகட்டின் பின்னால் இழுத்துக் கட்டிய கம்பி இருக்கிறது. அழுத்தம் தகட்டை வளைத்தால் கம்பியின் இழுவிசை மாறும். சுண்டிவிட்டால் சுருதி மாறும். துளை போட்டு இறக்க வேண்டும், மின்னலில் கெட்டால் மாற்ற வேண்டும், ஒன்று போதாது, பல வேண்டும். தலைப்புச் செய்தி ஆகாத கருவி இது. நான் கேட்கும் முதல் செலவு இதற்குத்தான்.

இரண்டாவது செலவு வடிகாலுக்கு. தோள் கொடுத்தவரைப் பக்கவழியாக வெளியே அனுப்பிவிட்டால் தாங்கிகளின் பாதம் மறுபடி பிடித்துக்கொள்ளும். சரிவுக்குள் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துத் துளையிட்டுச் செருகும் நீண்ட வடிகுழாய்கள் இதைத்தான் செய்கின்றன. மலைச்சாலைத் தடுப்புச் சுவர்களில் வரிசையாக விட்டிருக்கும் ஓட்டைகளும் இதற்குத்தான். அவற்றின் பின்னால் சரளை அடுக்கு இல்லாவிட்டால் மண் வந்து அடைத்துக்கொள்ளும். அடைபட்ட சுவர் தண்ணீரை அணைக்கட்டுபோல் தேக்கி, காக்கவேண்டிய சரிவிலேயே அழுத்தத்தை ஏற்றும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கம்பி விட்டுக் குத்தி அடைப்பை எடுக்கவேண்டும். நல்ல மழைக்குப் பிறகும் உலர்ந்தே இருக்கும் ஓட்டையை எழுதிவைத்து நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லுங்கள். வழக்கமாகத் தெளிவாக வடியும் ஓட்டையில் திடீரென்று கலங்கல் வந்தால், சொல்வதோடு நிற்காமல் அங்கிருந்து விலகிவிடுங்கள்.