மைப்புட்டியில் ஒரு நிலா இரவு

ஜப்பானின் பைலட் பேனா நிறுவனம் 2007-இல் ‘இரோஷிஸுகு’ என்ற மை வரிசையைக் கொண்டுவந்தது. வெறும் நீலம், கறுப்பு என்றில்லாமல் நிலா இரவு, காட்டுத் திராட்சை, மூங்கில் கரி என்று நிறங்களுக்குப் பெயர். 50 மில்லி கண்ணாடிப் புட்டியின் அடியில் சிறு குழி உண்டு. கடைசிச் சொட்டுகளும் அதில் திரண்டு பேனா முள்ளுக்கு எட்டும்.

மை சேர்ப்பவர்கள் புது நிறம் வந்ததும் வழவழப்பான தாளில் எழுதிப் பார்ப்பார்கள். கோடு முடியும் இடத்தில் மை தேங்கி, அதே நிறம் சற்று அடர்ந்து தெரியும். அதில்தான் ருசி!

நேயர்களே, நிறம் மாற்றுமுன் பேனாவைத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஓவியர்களின் இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.