ஆளில்லாக் குடில் (பின்லாந்து)

ஆளில்லாக் குடில் என்பது பின்லாந்தின் வடக்கு, கிழக்குக் காட்டுப் பகுதிகளில் பனிச்சறுக்கிச் செல்வோரும் நடைப்பயணிகளும் கட்டணமின்றி இரவு தங்குவதற்கான, பூட்டப்படாத சிறு மரவீடு ஆகும். பின்னிய மொழியில் இது "ஆவுத்தியோத்துப்பா" எனப்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றை அரசின் காட்டு நிருவாக அமைப்பான மெத்சாஹல்லித்துஸ் பராமரிக்கிறது. லாப்லாந்தில் குளிர்கால வெப்பநிலை -30 °செ இற்கும் கீழே செல்வதுண்டு. வியர்வையில் நனைந்த ஆடையுடன் இருட்டிய பின் வந்து சேர்பவருக்கு இக்குடில் உயிர்காப்பிடமாகும்.

அமைப்பு

சுவர்கள் பைன் மரக்கட்டைகளைக் கிடையாக அடுக்கிக் கட்டப்படுகின்றன. மேற்கட்டையின் அடிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளம் செதுக்கிக் கீழ்க்கட்டையின்மேல் பொருத்துவர்; இடையே பாசி அடைப்பது பழைய முறை. மரம் உலரும்போது குறுக்குவாட்டில் சுருங்குவதால் சுவரின் உயரம் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். ஆகவே கதவு, சன்னல் சட்டங்களுக்கு மேலே இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால் சுவரின் பாரம் சட்டத்தின்மேல் இறங்கி, கதவு இறுகித் திறவாது.

பல குடில்களில் சிறு முன்னறை ஒன்று குளிர்காற்று நேரே உட்புகாமல் தடுக்கிறது. அறை சிறியதாயிருப்பது குறையன்று. ஓர் இரும்பு அடுப்பே அதனை விரைவில் சூடாக்கிவிடும். சூடான காற்று மேலெழுவதால் படுக்கைப் பலகைகள் தரையிலிருந்து உயர்த்தி அமைக்கப்படுகின்றன. சறுக்குப் பலகைகள் வெளியிலேயே நிறுத்தப்படும். சூடேறிய பலகை மீண்டும் பனியைத் தொட்டால் அதன் அடியில் பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும்.

வழக்கம்

கடைசியாக வருபவருக்கே இடத்தில் முதல் உரிமை உண்டு. முன்னரே ஓய்வெடுத்தவர், இடம் போதாவிடின், அவருக்கு வழிவிட வேண்டும். புறப்படுபவர் விறகைப் பிளந்து உள்ளே வைத்துச் செல்வார். அடுத்து வருபவரின் விரல்கள் கோடரி பிடிக்க இயலாதபடி விறைத்திருக்கக்கூடும்.