உறைதல் என்னும் வினை

டில்லியில் டிசம்பர் மாதம் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட விழாது. "எண்ணெய் ஜம் ஆயிடுச்சு" என்கிறார்கள் நம் பிள்ளைகள். இந்தியின் 'ஜம்னா' அவர்கள் வாயில் ஏறிவிட்டது. தமிழில் அதற்கு நேரான வினை 'உறைதல்'.

நீர்மப் பொருள் ஓட்டம் நின்று கெட்டிப்படுவதே உறைதல். தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். குளிர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. காயத்தில் இரத்தம் உறைகிறது. பால் தயிராக உறைவதற்கோ வெதுவெதுப்பு வேண்டும். பாக்டீரியா உண்டாக்கும் புளிப்பினால் பாலிலுள்ள புரதம் உறைகிறது. அதற்கு விடுவது உறைமோர். உறை ஊற்றுவது, உறை குத்துவது, பிரை குத்துவது என்று வீட்டுக்கு வீடு வழக்கு மாறும்.

கெட்டியாவதெல்லாம் உறைதல் ஆகாது. வெண்ணெய் திரளும், பாகு இறுகும், மாவு கட்டி தட்டும், கெட்டுப்போன பால் திரியும். இத்தனைக்கும் சேர்த்து 'கெட்டியாயிடுச்சு' என்று ஒரே சொல்லால் சமாளித்தால், அடுத்த தலைமுறைக்கு நான்கு வினைகள் நஷ்டம்.

உறைதலுக்குத் தங்குதல், வாழ்தல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் 50ஆம் குறளில் தெய்வம் வானில் வாழ்வதைச் சொல்ல வருவது இவ்வினையே. உறைவிடம், உறைவிடப் பள்ளி என்ற சொற்களில் அப்பொருள் இன்றும் இருக்கிறது. எண்ணெய் உறைந்தாலும் மனிதர் உறைந்தாலும், ஓடாமல் ஓரிடத்தில் நிலைப்பது என்ற கருத்து இரண்டுக்கும் பொருந்துவதைக் கவனியுங்கள்.

எழுதும்போது இரண்டு எச்சரிக்கை. 'உறைகிறது' வேறு, 'உறைக்கிறது' வேறு. மிளகாய் உறைக்கும், "இப்பவாவது உறைச்சுதா?" என்றால் புத்தியில் பட்டதா என்று பொருள். எனவே பாலை 'உறைக்க வைத்தேன்' என்று எழுதக் கூடாது. 'உறைய வைத்தேன்' என்பதே சரி. இரண்டாவது, வல்லின றகரம். இடையின ரகரம் போட்டு 'உரை' என்றால் அது பேச்சும் விளக்கமும் ஆகிவிடும்.

இதற்கெல்லாம் தனி வகுப்பு வேண்டாம். இன்று இரவு தயிருக்கு உறை ஊற்றும்போது பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, "காலையில உறைஞ்சிருக்கான்னு நீயே பார்த்துச் சொல்லு" என்று சொல்லுங்கள், போதும்.