வடபுல நாடுகளின் மின்னுறவு

நார்வே மலைநாடு. மேலைக் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று அதன் மலைகளில் மோதி, மழையாகவும் பனியாகவும் இறங்குகிறது. குளிர்காலம் முழுதும் உறைந்து கிடக்கும் பனி வேனிலில் உருகி, ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்த்தேக்கங்களை நிறைக்கிறது. அந்நாட்டு மின்னாற்றலில் பத்தில் ஒன்பது பங்கு அந்நீரிலிருந்தே பிறக்கிறது. நார்வேக்குத் தெற்கே, கடலுக்கு அப்பால் உள்ள டென்மார்க்கில் மிகவுயர்ந்த நிலமே 171 மீட்டர்தான். அணை கட்ட அங்கு மலையில்லை. நெடுங்காலம் நிலக்கரியை நம்பியிருந்த அந்நாடு, இன்று தன் மின்தேவையில் ஏறத்தாழப் பாதியைக் காற்றிலிருந்து பெறுகிறது. சுவீடனில் நீரும் அணுவும் இணைந்து மின்னாக்குகின்றன. பின்லாந்தில் அணுவோடு காட்டுமரக் கழிவும் எரிபொருளாய்த் துணைநிற்கிறது.

ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை என்னும் இவ்வேற்றுமையே இந்நாடுகளின் மின்னுறவுக்கு வேர். மழை பொய்த்த ஆண்டில் நார்வேக்கு அண்டை நாட்டின் அனல்மின் நிலையம் வேண்டும்; காற்று ஓய்ந்த நாளில் டென்மார்க்குக்கு நார்வேயின் நீர் வேண்டும். 1915ஆம் ஆண்டிலேயே சுவீடனும் டென்மார்க்கும் ஓரெசுண்டு நீரிணையின் அடியே மின்வடம் பதித்து ஒன்றையொன்று தொட்டன. 1963இல் நார்டெல் என்னும் கூட்டமைப்பு தோன்றி, 2009 வரை இயங்கியது. அதற்கு ஆணையிடும் உரிமை இருக்கவில்லை. ஆராய்ந்து பரிந்துரைப்பதே அதன் பணியாயிருந்தது. எந்த நாட்டோடும் மின்வடத்தால் இணையாத ஐசுலாந்தும் அதில் உறுப்பாய் இருந்தது. மின்னோட்டம் செல்லாத இடத்துக்கும் பட்டறிவு சென்றது.

கடலைக் கடப்பது எளிதாக இல்லை. கடலடி வடத்தில் கடத்திக்கும் புறவுறைக்கும் இடையிலுள்ள காப்புப்பொருள் ஒரு மின்தேக்கியைப் போல் இயங்கும். மாறுமின்னோட்டம் திசை திரும்புந்தோறும் அதை நிறைத்து வடிப்பதிலேயே வடத்தின் திறன் செலவாகும். நீளம் மிகுந்தால் பயன்தரும் ஆற்றலுக்கு இடமே எஞ்சாது. நேர்மின்னோட்டத்துக்கு இவ்விடர் இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. டென்மார்க்கின் மேலைப்பகுதியான யூட்லாந்து ஐரோப்பியப் பெருநில மின்கட்டமைப்போடு சேர்ந்தது. அதன் அலைவு நார்வே, சுவீடன் கட்டமைப்பின் அலைவோடு ஒத்தியங்குவதில்லை. இத்தகைய இரு கட்டமைப்புகளை நேர்மின்னோட்டமே இணைக்க வல்லது. ஊனோ லாம் என்னும் சுவீடன் பொறிஞரின் ஆய்வால் 1954இல் அந்நாட்டின் காட்லாந்துத் தீவுக்கு 20 மெகாவாட் நேர்மின் வடம் சென்றது. 1965இல் சுவீடனையும் யூட்லாந்தையும் மற்றொன்று இணைத்தது. 1970களின் பிற்பகுதியில் 500 மீட்டருக்கும் ஆழமான சுகாகெராக் கடலைக் கடந்து நார்வேயும் டென்மார்க்கும் கைகோத்தன. 2014இல் நான்காம் வடமும் சேர, அவ்வழியின் திறன் ஏறத்தாழ 1,700 மெகாவாட்டாக உயர்ந்தது.

நார்வே, சுவீடன், பின்லாந்து, கீழை டென்மார்க்கு ஆகிய நான்கும் ஒரே மாறுமின் கட்டமைப்பில் இயங்குகின்றன. அதன் அலைவெண் 50 எர்ட்சு. பின்லாந்தில் ஓர் அணுமின் நிலையம் திடீரென நின்றால் அலைவெண் எங்கும் தாழ்கிறது. நொடிகளில் நார்வேயின் நீர்ச்சுழலிகள் விரைந்து ஈடுசெய்கின்றன. இதற்கான காப்பிருப்பை நாடுகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. தனித்தனியே காத்தால் ஒவ்வொருவரும் பேரிருப்பு வைத்தாக வேண்டும். கூடிக் காப்பதால் யாவர்க்கும் செலவு குறைகிறது.

1996இல் நார்வேயும் சுவீடனும் நார்டு பூல் என்னும் பொது மின்சந்தையைத் தொடங்கின. 2000ஆம் ஆண்டுக்குள் பின்லாந்தும் டென்மார்க்கும் முழுமையாக இணைந்தன. மறுநாளைக்குரிய மின்னாற்றலை விற்போரும் வாங்குவோரும் நாள்தோறும் நண்பகலுக்குள் தம் விலையையும் அளவையும் தெரிவிக்கின்றனர். யூட்லாந்தில் காற்று வலுத்தால் விலை தாழும். நார்வே அம்மின்னை வாங்கி, தன் மதகுகளை அடைத்து நீரைச் சேமிக்கும். காற்று ஓய்ந்தால் அந்நீர் மின்னாகித் தெற்கே செல்லும். சந்தை தொடங்கிய ஆண்டே நார்வேயில் மழை குன்றியது. டென்மார்க்கின் அனல்மின் நிலையங்கள் அக்குறையைத் தாங்கின.

இவ்வுறவுக்கும் சோதனை வந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் எரிவளி விலை ஏறியபோது, தென்னார்வேயின் மின்விலையும் உடன் ஏறியது. மலைநீர் தம்முடையதாயிருக்க, பிறர் பற்றாக்குறையின் விலையைத் தாம் ஏன் தர வேண்டும் என்று மக்கள் வினவினர். முதிர்ந்த சுகாகெராக் வடங்களைப் புதுப்பிப்பதா என்பதே அங்கு அரசியல் வழக்காயிற்று. அம்மக்களின் வினா முறையானது. ஏற்றுமதியால் கருவூலம் நிறையும்போது இல்லத்தார் சுமை ஏறுமானால், நாடுகளுக்கு இடையே நிகழும் நேர்மையான பங்கீடு நாட்டுக்குள் நிகழவில்லை என்றே பொருள். அதற்கு மருந்து உள்நாட்டில் செய்யத்தக்கது. வடத்தை அறுப்பதால் வறட்சியாண்டின் இடர் நீங்காது.

விருப்பத்தால் கூடிய நாடுகளைப் பிணைக்க மேலாணை ஏதுமில்லை. அளந்தறியத்தக்க பயனும், அப்பயன் கடைக்கோடி இல்லத்துக்கும் சேரும் முறைமையும் இருக்கும்வரை அக்கூட்டு நிலைக்கும். முன்னதைப் பொறிஞர்கள் நூறாண்டு உழைத்து நிறுவியுள்ளனர். பின்னதை நிறுவும் கடன் ஆட்சியாளர்களுடையது.