டாமிக்கு எந்த டாக்டர்?

சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதி, காலை வேளையில் வாரச்சந்தை போல இருக்கும். லாப்ரடார், பொமரேனியன், ஷிட்சூ, தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாட்டு நாய், கூடைக்குள் உறுமும் பூனை, ஓரத்தில் ஓர் ஆடு. காரில் வந்தவரும் ஷேர் ஆட்டோவில் வந்தவரும் ஒரே வரிசையில் சீட்டுக்கு நிற்பார்கள். 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்த கல்லூரி இது. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, கால்நடை மருத்துவத்தைப் பட்டப்படிப்பாக இந்தியாவிலேயே முதலில் கற்பித்ததும் இதுதான். வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு கதை திரும்பத் திரும்பக் காதில் விழும்: "பக்கத்துல ஒரு கிளினிக்ல நாலு நாள் ஊசி போட்டோம். சரியாகல. அதான் இங்க தூக்கிட்டு வந்துட்டோம்."

நாலு நாள் என்பது மனிதர்களுக்குச் சின்னக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு அது ஆயுள் கணக்கு. பார்வோ வைரஸ் தாக்கிய நாய்க்குட்டி முதல் நாள் சோர்ந்து படுக்கும், அடுத்து வாந்தி எடுக்கும், பிறகு ரத்தம் கலந்து பேதியாகும். நீர் வற்றியே இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும் குட்டிகள் ஏராளம். 1978 வாக்கில்தான் இந்த நோய் உலகெங்கும் பரவத் தொடங்கியது. வைரஸை நேரடியாகக் கொல்லும் எளிய மருந்து கைவசம் இல்லை. உடனே டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, அடுத்த தொற்று வராமல் தடுத்துக்கொண்டே குட்டியின் உடம்பு தானாக எதிர்த்து நிற்கும் வரை காவல் இருப்பதுதான் வைத்தியம். இதை முதல் நாளே செய்யும் டாக்டரிடம் போகிறோமா, மூன்றாம் நாள் போகிறோமா என்பதில்தான் குட்டியின் உயிர் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் நாய்க்குப் பெயர் வைத்து, கழுத்துப்பட்டை வாங்கி, இன்ஸ்டாகிராமில் கணக்கும் தொடங்கிய பிறகு கடைசியாகத் தேடுவது டாக்டரைத்தான். அதுவும் உடம்புக்கு முடியாமல் போன ராத்திரியில்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கலாம். ஒவ்வொரு மருத்துவருக்கும் பதிவு எண் உண்டு. தமிழ்நாட்டில் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. முதலுதவி போன்ற சிறு வேலைகளை மற்றவர்கள் செய்யலாம், ஆனால் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான். "வீட்டுக்கே வந்து பாதி விலையில தடுப்பூசி போடறேன்" என்று போனில் சொல்லும் தம்பி கம்பவுண்டராக இருக்கலாம், பெட் ஷாப்பில் வேலை பார்த்தவராகவும் இருக்கலாம். அவர் பையிலிருந்து எடுக்கும் மருந்து எத்தனை மணி நேரம் வெயிலில் சுற்றியது என்று யாருக்கும் தெரியாது. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். அந்தக் குளிர் விட்டுப்போனால் ஊசி போட்ட வலி மட்டும்தான் மிச்சம், பாதுகாப்பு கிடைக்காது.

பதிவு எண் இருந்தால் போதுமா? போதாது. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பி.வி.எஸ்ஸி. என்பது பயிற்சி ஓராண்டும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதற்குள் மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி, குதிரை, நாய், பூனை என்று எல்லாவற்றையும் படித்து முடிக்க வேண்டும். இந்த நாட்டின் தேவைக்கு ஏற்பப் பால் மாட்டுக்கும் பண்ணைக்கும்தான் அதில் பெரிய பங்கு. அது தவறும் இல்லை. ஆனால் நாய்க்கு எலும்பு ஆபரேஷன் செய்யவும் பூனையின் சிறுநீரகத்தை ஸ்கேனில் படிக்கவும் பட்டம் வாங்கிய பிறகு தனியாகக் கை பழக வேண்டும். எம்.வி.எஸ்ஸி. என்று பலகையில் இருந்தால், எந்தத் துறையில் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அறுவை சிகிச்சை, மருத்துவம், இனப்பெருக்கம் என்று துறைகள் இருப்பது போலக் கோழி அறிவியல், கால்நடை உணவியல் என்றும் மேற்படிப்புகள் உண்டு. கோழி அறிவியலில் மேற்படிப்பு முடித்தவர் நல்ல நாய் டாக்டராகவும் இருக்கலாம். ஆனால் அது அவருடைய அனுபவத்தால் வந்திருக்கும், பலகையில் இருக்கும் எழுத்தால் அல்ல.

சரி, நல்ல டாக்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஏசி, மீன்தொட்டி, சுவரில் நாய்ப் பொம்மை இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டாம். மேசை மீது பிராணியை ஏற்றிய முதல் ஐந்து நிமிடம் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எடை போட்டாரா? மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கண்ணளவில் அதைச் சொல்ல முடியாது. காய்ச்சல் பார்த்தாரா? நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நமக்குக் காய்ச்சலாக இருப்பது அதற்குச் சாதாரணம். ஈறைத் தூக்கி நிறம் பார்த்தாரா, வயிற்றை அழுத்திப் பார்த்தாரா, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடினாரா? என்ன சாப்பாடு, எப்போது கடைசியாக ஊசி போட்டது என்று கேட்டாரா? தள்ளி நின்றபடியே "என்ன பிரச்சினை?" என்று கேட்டுவிட்டு நேராக ஊசியை எடுப்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

உண்ணிக் காய்ச்சல் இதற்கு நல்ல உரைகல். தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரமும் பழுப்பு நாய் உண்ணிக்கு ரொம்பப் பிடித்தவை. எர்லிக்கியா, பேபேசியா போன்ற கிருமிகளை அந்த உண்ணி நாயின் ரத்தத்தில் சேர்த்துவிடும். நாய் சாப்பிடாது, சோர்ந்துபோகும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். இரண்டுக்கும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், மருந்து வேறு. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலோ, ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தாலோ பல நேரம் வழி தெரிந்துவிடும். சோதனையே இல்லாமல் "டிக் ஃபீவர்தான்" என்று ஐந்து நாளுக்கு ஊசி எழுதுபவர் சரியாகச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் அது ஊகம், அந்த ஊகத்துக்கு விலை கொடுப்பது நாய்.

தோல் நோயில் இதைவிட ஏமாற்றம் அதிகம். ஊசி போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், டாக்டருக்கும் நல்ல பெயர். பல நேரம் அது ஸ்டீராய்டு செய்த வேலை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, தேவையான இடத்தில் உயிரே காக்கும். ஆனால் அரிப்புக்குக் காரணம் தோலுக்குள் குடியிருக்கும் நுண் சிலந்திப்பூச்சியாக இருந்தால், ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து அந்தப் பூச்சிக்கே விருந்து வைக்கும். மூன்று வாரம் கழித்து முடி முழுக்கக் கொட்டி நிற்கும் நாயைப் பார்த்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அதைச் செய்யும் டாக்டர் மெதுவாகத்தான் குணப்படுத்துவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனத்துக்கு இனம் உடம்பு மாறும் என்பது தெரிந்தவரா என்றும் பார்க்க வேண்டும். 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்துவிட்டு, நாடே அந்தத் தட்டை மூக்கு நாயை வாங்கியது. மூச்சுக்குழல் குறுகிய அந்த இனத்துக்குச் சித்திரை வெயிலும் ஆபத்து, மயக்க மருந்தும் ஆபத்து. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு என்று 2001-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குடற்புழுவுக்கும் தோல் பூச்சிக்கும் தரும் ஐவர்மெக்டின், அளவு கூடினால் அந்த நாய்களின் மூளைக்குள் புகுந்து வலிப்பையும் மரணத்தையும் கொண்டுவரும். க்ரேஹவுண்ட் போன்ற ஒல்லி வேட்டை நாய்கள் சில பழைய மயக்க மருந்துகளிலிருந்து தெளிய வெகுநேரம் ஆகும். அதே உடல்வாகு கொண்ட சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வளர்ப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆபரேஷன் என்றதும் கேட்க வேண்டியவை வேறு. முன்னதாக ரத்தப் பரிசோதனை உண்டா? ஆபரேஷன் நடக்கும்போது மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டா? கண் விழிக்கும் வரை யார் பக்கத்தில் இருப்பார்? பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் சாதாரணமானதுதான். அதைச் செய்யாமல் விட்டால் நடுவயதில் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து உண்டு. அப்போது செய்யும் அவசர ஆபரேஷன் சாதாரணமாக இருக்காது.

பூனை வளர்ப்பவர்களின் பாடு தனி. நாய் டாக்டர்கள் பலர் பூனையையும் சின்ன நாயாகவே நினைத்துப் பார்ப்பதுண்டு. மனிதருக்கும், மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் நாய்க்கும் ஒத்துக்கொள்ளும் பாராசிட்டமால், பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் செய்ய முடியாது. ஒரே மாத்திரையில் சாகலாம். நாய் மேல் விடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படித்தான். ஆண் பூனை மணல் தட்டில் மறுபடி மறுபடி உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். போனில் இதைச் சொன்னவுடன் "இப்பவே தூக்கிட்டு வாங்க" என்று சொல்லும் டாக்டர், பூனை தெரிந்த டாக்டர். முயல், காக்கடைல், லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தேடல் இன்னும் கடினம். நாய்க்கு அன்றாடம் தரும் அமாக்சிசிலினை முயலுக்கு வாய் வழியே கொடுத்தால், குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து முயலே செத்துப்போகலாம். (பச்சைக்கிளிக்கு டாக்டர் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வக்கீலை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான்.)

கட்டணம் கேட்கக் கூச்சப்படுபவர்கள் நிறைய. மனிதருக்கு இருக்கும் அளவுக்குக் காப்பீடு விலங்குகளுக்கு இங்கே பரவவில்லை, செலவு முழுக்கக் கைப்பணம். அதனால் "இந்தச் சோதனை எதற்கு, எவ்வளவு ஆகும், இது இல்லாமல் வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர் நம்பத்தக்கவர். பணம் கட்டுப்படியாகாது என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வேப்பேரியிலும் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள மருத்துவமனைகளில் தனியாரைவிடக் குறைந்த செலவில் பெரிய சோதனைகள் செய்துகொள்ளலாம். கூட்டம் இருக்கும், மாணவர்கள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரே வளாகத்தில் பல துறை டாக்டர்கள் கிடைப்பார்கள். தன்னால் முடியாததை இங்கே எழுதி அனுப்பும் தனியார் டாக்டரைக் குறைத்து எண்ண வேண்டாம். அனுப்பாமல் பிடித்து வைப்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

கூகுளில் நட்சத்திரங்களை எண்ணித் தேர்வு செய்வது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. செல்லப்பிராணியைப் பறிகொடுத்தவர் கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவார், குட்டியோடு செல்ஃபி எடுத்தவர் ஐந்து போடுவார். இரண்டிலும் மருத்துவம் இருக்காது. அதைவிடத் தெருவில் பத்து வயது நாயை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அந்த நாய் இத்தனை வருடம் யாரிடம் காட்டப்பட்டது என்று கேட்பது மேல்.

இரவு விஷயத்தையும் முன்பே பேசிவிட வேண்டும். கிளினிக் மூடிய பிறகு நாய் வலிப்பில் விழுந்தால், பாம்பு கடித்தால், வயிறு உப்பி மூச்சு வாங்கினால் எங்கே போவது என்று டாக்டரிடமே கேளுங்கள். "எனக்குப் போன் பண்ணுங்க" என்பது ஒரு பதில். "ராத்திரியில நான் எடுக்க மாட்டேன், இந்த இடத்துக்குப் போங்க" என்பதும் நேர்மையான பதில்தான். 1962 என்ற இலவச எண்ணில் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காகக் கிராமங்களில் ஓடுவது. நகரத்தில் அதையே முழுதாக நம்பியிருக்க முடியாது.

வளர்ப்பவர் பக்கமும் கடமை உண்டு. வாந்தியையும் பேதியையும் போனில் படமெடுத்துப் போவது, வலிப்பு வந்தால் வீடியோ எடுப்பது, மீந்த பிரியாணியைப் போட்டிருந்தால் அதை ஒளிக்காமல் சொல்வது, கடிக்கும் நாய்க்கு வாய்ப்பூட்டு போடுவது எல்லாம் டாக்டரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும். டாக்டரை மாற்றுவதென்றால் பழைய சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருகையையும் எழுதித் தராத டாக்டரிடம் கேட்டு வாங்க எதுவும் இருக்காது. அதுவே அவரை மாற்றுவதற்குப் போதுமான காரணம்.

கடைசியாகத் தடுப்பூசிப் புத்தகம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்ய விடாது. அது எப்போது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் பார்வோ ஊசியைத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில் தொடங்கும். பிறகு டாக்டர் குறித்துத் தரும் நாளில் தொடர வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தொகுதி எண், தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் இவை புத்தகத்தில் இருக்க வேண்டும். குட்டியை விற்றவர் "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று நீட்டும் அட்டையில் இவை இல்லையென்றால், எதுவும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் வாங்கவும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸுக்கு வைத்தியம் இல்லை, நாய்க்கும் சரி, அதை வளர்க்கும் குழந்தைக்கும் சரி. இன்றைக்கே அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ரேபிஸ் ஊசிக்குத் தேதி தாண்டியிருந்தால் நாளைக் காலையிலேயே நாயைக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் எப்படிப்பட்டவர் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.