வலிக்காத பாதத்தைப் பாருங்கள்

2021 ஆகஸ்ட் 5 அன்று, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பின், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகள் பலருடைய வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரையை விழுங்கியதும் அன்றைய கடமை முடிந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். பாதங்களைப் பார்ப்பவர் சிலரே. சர்க்கரை நோயாளி ஒருவர் காலை இழக்கும் பாதை பெரும்பாலும் அந்தக் கவனக்குறைவிலிருந்தே தொடங்குகிறது.

நரம்பு ஏன் பழுதடைகிறது?

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால், நரம்பிழைகளும் அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடலின் மிக நீளமான நரம்புகள் பாதங்களுக்குச் செல்பவை. ஆகவே பாதிப்பு முதலில் கால்விரல்களில் தோன்றி, காலுறை அணிந்தாற்போல் மேலேறுகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஏற்படுகிறது.

தொடக்கத்தில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற வலி ஆகியவை இரவில் மிகும். பின்னர் பஞ்சின் மேல் நடப்பது போலத் தோன்றும். சிகிச்சை ஏதுமின்றி எரிச்சல் தானாகவே அடங்கினால் குணமாகிவிட்டது என மகிழ வேண்டாம். நரம்பு உணர்விழந்ததாலும் அவ்வாறு நேரலாம்.

நம் பகுதியில் கவனிக்க வேண்டியவை

ஓசூர் சிப்காட் பணிமனைகளில் பலர் பாதுகாப்புக் காலணியுடன் எட்டு மணி நேரம் நிற்கின்றனர். காலணிக்குள் விழுந்த ஓர் இரும்புப் பிசிறை நலமான பாதம் உடனே உணரும். உணர்விழந்த பாதமோ முறை முடியும்வரை அதன் மேலேயே நிற்கும். காலணியைக் கழற்றிவிடுவது தீர்வாகாது. சரியான அளவைக் கேட்டுப் பெறுங்கள். அணியுமுன் உதறி, உள்ளே கையால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பருத்திக் காலுறை அணிந்தால் இரத்தக் கசிவு உடனே தெரியும்.

மார்கழிக் குளிரில் அடுப்பருகே கால் நீட்டுவதும் வெந்நீர்ப் பை வைப்பதும் தீக்காயத்தில் முடியலாம். நீரின் சூட்டை முழங்கையால் அறியுங்கள். வேண்டுதலுக்காக வெயிலில் வெறுங்காலுடன் நடப்பதையும், கால் ஆணியை பிளேடால் சீவுவதையும் தவிருங்கள்.

பாதத்தோடு நிற்பதில்லை

இதயம், குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றை இயக்கும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். எழுந்தவுடன் தலைசுற்றல், சிறிது உண்டதுமே வயிறு நிறைதல், சிறுநீர் முழுமையாகக் கழியாமை, ஆண்மைக் குறைவு ஆகியன அதன் அறிகுறிகள். மாரடைப்பே நெஞ்சு வலியின்றி வரக்கூடும். சர்க்கரை தாழும்போது வழக்கமான வியர்வையும் படபடப்பும் தோன்றாமல் போகலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

இல்லத்தார் செய்யக்கூடிய சோதனை

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான எளிய சோதனை இது. நோயாளி கண்களை மூடிக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரலால் அவருடைய இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை ஓரிரு நொடிகள் மென்மையாகத் தொடுங்கள்; அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லை எனில், பாதப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

சிகிச்சை எதைச் செய்யும்?

வலியைத் தணிக்கும் மாத்திரைகள் உள்ளன. ஆனால் அவை இழந்த உணர்வை மீட்பதில்லை. ‘நரம்பு ஊசி’ கேட்டு வருவோர் பலர். மெட்பார்மின் நெடுநாள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையலாம். குறைபாடு இருந்தால் அதனை ஈடுசெய்வது பயன் தரும். மதுவும் நரம்பைக் கெடுக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே அடிப்படைக் காப்பு. 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தீவிரக் கட்டுப்பாடு முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளின் நரம்புப் பாதிப்பை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைத்தது.

எப்போது உடனே வர வேண்டும்?

காயம், கொப்புளம், சீழ், கருமை, துர்நாற்றம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே வாருங்கள். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், வலி இல்லையெனினும் எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அக்காலை ஊன்றாமல் வாருங்கள்.

ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய இயலாதவர்களுக்குக் கண்ணாடியோ வீட்டாரின் கண்களோ உதவும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் முறையான பாதப் பரிசோதனை தேவை. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, கேட்குமுன்னரே காலணிகளைக் கழற்றி, “என் பாதங்களையும் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.