ஒளி அறுவடை – 9: லித்தியம் தந்ததும் பறித்ததும்

அரை மைக்ரான் கனமே உள்ள பெரோவ்ஸ்கைட் படிகப் படலம் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் உறிஞ்சினால் மட்டும் மின்சாரம் கிடைத்துவிடாது. ஒளி பட்டதும் படிகத்துக்குள் பிறக்கும் எலெக்ட்ரான்களையும், அவை விட்டுச்செல்லும் நேர்மின் வெற்றிடங்களான துளைகளையும், இரண்டும் ஒன்றுசேர்ந்து வீணாவதற்குள் ஆளுக்கொரு பக்கமாக வெளியேற்ற வேண்டும். படிகத்தின் இருபுறமும் உள்ள கடத்து அடுக்குகளின் வேலை அது. இந்த சூரிய மின்செல்களின் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகின்றன என்பது என் எண்ணம்.

2009இல் ஜப்பானின் சுட்டோமு மியாசகா குழு செய்த முதல் செல்லின் செயல்திறன் 3.8 சதவீதம். அதில் இருந்த திரவ மின்பகுளியே படிகத்தைக் கரைத்தது. 2012இல் தென்கொரியாவின் நாம்-கியூ பார்க், சுவிட்சர்லாந்தின் மைக்கேல் கிரேட்ஸல் ஆகியோர் திரவத்தை நீக்கிவிட்டு, துளைகளைக் கடத்த ஸ்பைரோ-ஓமெட்டாட் என்ற திடமான கரிமப் பொருளை வைத்தார்கள். செயல்திறன் 9.7 சதவீதத்துக்கு ஏறியது.

சுத்தமான ஸ்பைரோ மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும். அதனால் அதில் லித்தியம்-டிஎஃப்எஸ்ஐ என்ற உப்பைக் கலந்து மாசூட்டுவார்கள். உப்பு கலந்தவுடன் வேலை முடிவதில்லை. செல்லை இரவு முழுக்க உலர்ந்த காற்றில் வைத்திருக்க வேண்டும். ஸ்பைரோவிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிப்பது காற்றில் உள்ள ஆக்சிஜன்தான். அப்படி நேர்மின்னேற்றம் பெற்ற ஸ்பைரோ மூலக்கூறைப் பழைய நிலைக்குத் திரும்பவிடாமல் காப்பது உப்பின் எதிர் அயனி. கடத்துதிறன் பல மடங்கு கூடுகிறது.

அதே உப்புதான் செல்லுக்கு எமனாகவும் ஆனது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்வதைப் போல லித்தியம் உப்பும் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்ட பெரோவ்ஸ்கைட் சிதைந்து மஞ்சள் நிற லெட் அயோடைடு ஆகிவிடும். போதாததற்கு, லித்தியம் அயனிகள் அடுக்கை விட்டு நகர்ந்து படிகத்துக்குள்ளும் நுழைகின்றன.

2021இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரே டெய்லர் குழு காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. லித்தியம் உப்பு கலந்த ஸ்பைரோ கரைசலில் புற ஊதா ஒளி படும்படி கார்பன்-டை-ஆக்சைடைக் குமிழிகளாகச் செலுத்தினார்கள். ஒரு நிமிடத்தில் மாசூட்டல் முடிந்தது. கடத்துதிறன் சுமார் 100 மடங்கு உயர்ந்தது. தொல்லை தரும் லித்தியம், கார்பனேட்டாக அடியில் படிந்தது, வடிகட்டி எறிந்துவிடலாம்.

லித்தியமே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. 2015இல் ஜப்பானில் லியுவான் ஹான் குழு, ஸ்பைரோவுக்குப் பதிலாகத் துளைகளைக் கடத்தும் நிக்கல் ஆக்சைடில் லித்தியத்தையும் மக்னீசியத்தையும், மறுபக்கத்தில் எலெக்ட்ரான்களைக் கடத்தும் டைட்டானியம் ஆக்சைடில் நியோபியத்தையும் சேர்த்தது. ஆக்சைடின் அணிக்கோப்புக்குள் சிறைப்பட்ட லித்தியம், உப்பைப் போல ஈரத்தை இழுக்காது. கடத்துதிறன் கூடியதால் அடுக்கைச் சற்றுக் கனமாகவே பூச முடிந்தது, ஓட்டைகள் குறைந்தன. 1 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட செல்லில் 15 சதவீதம் சான்றளிக்கப்பட்டது. 1,000 மணி நேரம் ஒளியில் வைத்த பிறகும் தொடக்கத் திறனில் 90 சதவீதத்துக்கு மேல் எஞ்சியது.

அந்த 15ஐவிட இந்த 1,000தான் எனக்குப் பெரிய எண். பெரோவ்ஸ்கைட் சாதனை பற்றி இனி எந்தச் செய்தியைப் படித்தாலும், செயல்திறனோடு நிறுத்தாமல் அது எத்தனை மணி நேரம் தாங்கியது, எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில் என்றும் தேடிப் பாருங்கள்.